அரைப்படி நெல் எங்கே போனது?

கீழ்வெண்மணி என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது ஒரு குடிசையும் நெருப்பும்தான். 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்கு மூலையில், இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிற சிற்றூர் அது. நிலச்சொந்தக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் துப்பாக்கியோடு சேரிக்குள் நுழைந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையா என்பவரின் சின்னக் குடிசைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். வெளியே இருந்தவர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். 44 பேர் செத்தார்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். நாவல்கள் வந்துவிட்டன, படங்கள் வந்துவிட்டன, ஒவ்வொரு டிசம்பரிலும் கட்டுரைகள் வருகின்றன. ஆனால் இவற்றைப் படித்து முடித்த ஒருவரிடம், 'அவர்கள் என்ன கேட்டதற்காக இது நடந்தது?' என்று கேட்டால் பதில் வரத் தாமதமாகும். சாதிவெறி என்பார்கள். நிலப்பிரபுத்துவம் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்தச் சண்டைக்கு ஓர் அளவு இருந்தது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள்.

அந்த அரைப்படிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. தஞ்சைப் பண்ணைகளில் ஆளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தில், 1940களில், பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே போய்ச் செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960களில் தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தஞ்சை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வயலுக்கு வந்தது. விளைச்சல் கூடியது, உரம் வந்தது, டிராக்டர் வந்தது. நடவும் அறுப்பும் மட்டும் கைகளால்தான் நடந்தன. களத்தில் நெல் அதிகமாகக் குவியும்போது, அறுத்தவர்கள் 'எங்கள் பங்கும் கூடட்டும்' என்று கேட்பதில் என்ன ஆச்சரியம்? நிலச்சொந்தக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேர் என்றார்கள். வெண்மணிக்காரர்கள் மறுத்தார்கள்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1967இல், ரூபாய்க்குப் படி அரிசி என்று சொல்லி ஓர் அரசு பதவிக்கு வந்திருந்தது. தமிழ்நாட்டு அரசியலே படிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த காலம். அதே படிக்கணக்கில் அரிசியை விளைவித்தவர்கள் பேசியபோதுதான் துப்பாக்கி வந்தது.

இப்போது இலக்கியத்துக்கு வருவோம். வெண்மணியை மனதில் வைத்து எழுதப்பட்டவற்றில் அதிகம் பேசப்பட்டது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1977இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. டில்லியிலிருந்து கிராமத்துக்கு வரும் படித்த மனிதர்களின் குழப்பம், அவர்களது வாதங்கள், கிராமத்தின் அதிகார அடுக்கு எல்லாம் அதில் கூர்மையாக வருகின்றன. நாவலாக நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நிலப்பிரபு ஏன் அப்படிக் கொடூரமானான் என்ற கேள்விக்கு நாவல் கொடுக்கிற விடை, அவனுடைய ஆண்மைக் குறைவு. உள்ளே அழுகிக்கிடக்கும் அவமானம் வெளியே வன்முறையாக வெடிக்கிறது என்கிறது கதை.

நாவல் வந்தபோதே இடதுசாரி விமர்சகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கோபத்தில் கட்சி வாசனை இருந்தது என்று ஒதுக்கிவிடலாம்தான். எழுத்தாளனுக்கு மனிதமனதின் இருட்டை எழுத உரிமை இல்லையா என்றும் கேட்கலாம். நிச்சயம் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தீ வைத்த அன்று வந்தது ஒருவன் அல்ல, ஒரு கூட்டம். ஒருவனுடைய உடலில் இருந்த குறையால் அந்தக் கூட்டம் முழுவதையும் விளக்க முடியுமா? அப்படி விளக்கிவிட்டால், ஆரோக்கியமான, அன்பான, வீட்டில் நல்ல கணவனாக இருக்கிற நிலச்சொந்தக்காரன் தீ வைக்கமாட்டான் என்றாகிவிடும். கூலி கேட்டவனை எரிப்பதற்கு நோய் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் பயங்கரமே! நாவல் தன்னை அறியாமல் வாசகனுக்கு ஓர் ஆறுதலைக் கொடுத்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றமும் கிட்டத்தட்ட மனோதத்துவமே பேசியது. கீழ் நீதிமன்றம் 1970இல் நிலச்சொந்தக்காரர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இவ்வளவு வசதியான பணக்காரர்கள், அதிலும் கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற ரீதியில் தீர்ப்பில் எழுதப்பட்டது. நாவலில் பணக்காரனின் உடல் சாட்சி. தீர்ப்பில் பணக்காரனின் கார் சாட்சி. அரைப்படி நெல்லை இரண்டுமே சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.

சினிமா? 'குருதிப்புனல்' நாவலை வைத்து ஸ்ரீதர்ராஜன் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983இல் வந்து, இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. இன்று அதைப் பார்த்தவர்கள் குறைவு. 2019இல் வந்த 'அசுரன்' எல்லோரும் பார்த்தது. பூமணியின் 'வெக்கை'யிலிருந்து எடுக்கப்பட்ட படம். ஆனால் குடிசைகள் எரியும் பின்கதை படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. அதைப் பார்த்த பலருக்கும் வெண்மணி ஞாபகம் வந்தது. வெற்றிமாறன் பஞ்சமி நிலப் போராட்டத்தை அந்தப் பகுதியில் கொண்டுவந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். தமிழ் வணிக சினிமாவில் அது சாதாரணமாக நடப்பதில்லை. ஆனால் தியேட்டரில் விசில் பறந்தது ஊர்வலத்துக்கு அல்ல, அரிவாளுக்கு. எரிந்த குடிசைக்கு ஒரு கதாநாயகன் பழிவாங்கினால் கணக்கு முடிந்துவிடுகிறது. வெண்மணியில் பழிவாங்கலும் நடந்தது, முக்கியக் குற்றவாளி 1980இல் கொல்லப்பட்டார். அதனால் கூலி கூடவில்லை.

பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் (2005) இந்த விஷயத்தில் உயரமான இடத்தில் நிற்கிறது. தப்பிப் பிழைத்தவர்கள் வயதான முகங்களோடு கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே அவர்கள் பரிதாபத்துக்குரியவர்களாகத் தெரிவதில்லை, சங்கத்துக்காரர்களாகத் தெரிகிறார்கள். இந்த வித்தியாசம் சின்னதல்ல. குடிசைக்குள் செத்த பெண்களை எல்லாக் கதைகளும் 'அப்பாவிகள்' என்கின்றன. நாற்று நடுவதும் கதிர் அறுப்பதும் யார் வேலை? தஞ்சை வயல்களில் அதைச் செய்த கைகளில் பாதிக்குமேல் பெண்களுடையவை. கேட்கப்பட்ட கூலி அவர்களுடைய கூலியும்தான். அவர்களை அப்பாவிகள் என்று மட்டும் சொல்லும்போது, கணவன்மார் போட்ட சண்டையில் தற்செயலாக மாட்டிக்கொண்டவர்கள் போல ஆகிவிடுகிறார்கள்.

மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஜிப்சி காடஸ்' நாவல் இந்தப் பிரச்சினையைக் கொஞ்சம் குறும்பாகவே கையாள்கிறது. நிலச்சொந்தக்காரர் சங்கத் தலைவர் முதலமைச்சருக்கு எழுதும் மனுவோடு அது தொடங்குகிறது. எரித்தவனின் குரலில், அவனுடைய குறைகளின் பட்டியலாக! கூலித் தகராறு அங்கே முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. நாவல் எழுதுவது எப்படி என்று அடிக்கடி நின்று வாசகனைச் சீண்டுவது சில இடங்களில் அலுப்பூட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு நூல் உண்டு, அதை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. வெண்மணிக்குப் பிறகு தமிழக அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. விசாரிக்கச் சொன்னது கிழக்குத் தஞ்சையின் விவசாயக் கூலியை. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதாவது நாவலாசிரியருக்கும் நீதிபதிக்கும் முன்பே அரசாங்கத்துக்கு விஷயம் புரிந்திருந்தது.

களத்து மேட்டில் நெல் அளக்கிற ஒரு காட்சியை யாராவது முழுசாக எடுத்தால் நன்றாயிருக்கும். மேஸ்திரி படியைத் தலைதட்டி அளக்கிறார். வரிசையில் நிற்கிற பெண் முந்தானையை விரித்துப் பிடித்திருக்கிறாள். இன்னும் அரைப்படி போடு என்கிறாள். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் படியையே பார்க்கிறார்கள்.