உயர்தரப் பிள்ளைகளுக்கு மூன்று மணித்தியால அமைதி கொடுப்போம்



உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க ஊர்ச் சந்திகளில் செமினார் பெனர்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரே நாளில் முழுப் பாடத்திட்டமும் என்று போட்டிருப்பார்கள். அனுசரணையாளர்களின் பெயர்கள் பாடத்தின் பெயரை விடப் பெரிதாக இருக்கும். இதில் நல்லெண்ணம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு, அதிலும் இணைந்த கணிதம் எழுதும் பிள்ளைகளுக்கு, கடைசி மாதங்களில் தேவைப்படுவது இதுதானா என்பதை ஊராக இருந்து நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதலில் பரீட்சை எப்படிப்பட்டது என்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. தூய கணிதம் ஒரு வினாத்தாள், பிரயோக கணிதம் இன்னொன்று. ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். பகுதி ஏ இல் 10 வினாக்கள், எல்லாம் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி பி இல் 7 வினாக்கள், அவற்றில் 5 எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. மொத்தம் 1000.

இந்த "7 இல் 5" என்ற கணக்குத்தான் பிள்ளைகளைக் குழியில் தள்ளுகிறது. "ரெண்டு பாடம் விடலாம் சேர்" என்று வருகிறார்கள். ஒருவர் சிக்கலெண்களை விடுகிறார், இன்னொருவர் புள்ளிவிபரவியலைத் தொடுவதே இல்லை. பகுதி ஏ எல்லா அலகுகளையும் தொட்டு வருகிறது, அதில் தெரிவு கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள். பகுதி பி இலும் ஒரு வினாவுக்குள் பெரும்பாலும் இரண்டு அலகுகள் சேர்ந்து வரும். தாயங்கள் படித்து சிக்கலெண்களை விட்டவருக்கு அந்த வினாவில் பாதிதான் கையில்.

புள்ளிவிபரவியலையும் நிகழ்தகவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரயோக கணிதத் தாளில் பகுதி ஏ இன் கடைசி இரண்டு வினாக்கள் பெரும்பாலும் இவைதான். பகுதி பி இல் 17ஆம் வினாவும் இதிலிருந்துதான் வருகிறது. 25, 25, 150 என்று கூட்டினால் 1000 இல் 200. பாடத்திட்டத்தில் சிறிய பகுதி, ஒழுங்காக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மீட்டிவிடலாம். அதை விட்டுவிட்டு, கடினமான இயக்கவியல் கணக்கு ஒன்றோடு நாட்கணக்கில் மல்லுக்கட்டும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சரியாக ஐந்தை மட்டும் தயார் செய்து போகிறவருக்கு, அந்த ஐந்தில் ஒன்று அன்று கஷ்டமாக வந்தால் மாறிப் போக இடமில்லை. தெரிவு என்பது மண்டபத்தில் வினாத்தாளைப் பார்த்துச் செய்வதற்குத் தரப்பட்ட வசதி. வீட்டிலேயே அதைச் செலவழித்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்?

அடுத்தது நேரம். 180 நிமிடத்தில் பகுதி ஏ க்கு ஒரு மணித்தியாலம் என்றால் வினா ஒன்றுக்கு 6 நிமிடம். மீதி 120 நிமிடத்தில் ஐந்து வினாக்கள், ஒன்றுக்கு 24 நிமிடம். தொகையீடு ஒன்று வரவில்லை என்று 40 நிமிடம் அதிலேயே இருந்தால், வேறொரு வினாவின் நேரத்தைத்தான் சாப்பிடுகிறார். இந்தக் கணக்கு தலைக்குத் தெரிந்தால் போதாது, கைக்குப் பழக வேண்டும். அதற்கு ஒரே வழி, கடிகாரத்தை வைத்துவிட்டு, போனை வேறு அறையில் போட்டுவிட்டு, மூன்று மணித்தியாலம் எழும்பாமல் இருந்து முழு வினாத்தாள் எழுதுவதுதான்.

செமினாரில் இது நடப்பதில்லை. அங்கே கணக்குச் செய்பவர் ஆசிரியர், பிள்ளை பார்த்து எழுதுகிறது. சூம் பதிவுகளும் யூடியூபும் அப்படித்தான். இன்னொருவர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கும். வெறும் தாளோடு தனியே இருக்கும்போதுதான் விளங்கியது எவ்வளவு என்று தெரியவரும்.

கடந்தகால வினாத்தாள்களோடு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டங்களும் மதிப்பீட்டு அறிக்கைகளும் தமிழிலேயே கிடைக்கின்றன. எந்தப் படிக்கு எத்தனை புள்ளி, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று அவற்றில் இருக்கிறது. விடை பிழைத்தாலும் சரியான விசைகளைக் குறித்த படத்துக்கும் சரியான சமன்பாட்டுக்கும் புள்ளி உண்டு என்பதை அதைப் பார்த்த பிள்ளை அறியும். பாதி செய்ததை வெட்டிவிட்டு வராது. திருத்திப் பிழை கண்ட கணக்கை ஒரு கொப்பியில் எழுதி, மூன்று நாள் கழித்து புள்ளித்திட்டத்தை மூடிவைத்து மறுபடி செய்து பார்க்க வேண்டும். மீட்டல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

"எங்கட ஸ்கூல்ல மெத்ஸுக்கு டீச்சரே இல்ல, செமினாரும் இல்லாட்டி பிள்ளைகள் எங்க போற?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தமிழ் மொழி மூல இணைந்த கணித ஆசிரியர் தட்டுப்பாடு எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கு மருந்து 12ஆம் தரத்தில் தொடங்க வேண்டும். அந்த வயதில் வாரா வாரம் ஒரு நல்ல ஆசிரியரைக் கூட்டிவர ஊர் செலவழித்தால் அது பயன் தரும். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஒரே நாளில் முழுப் பாடத்தையும் ஓட்டிக் காட்டினால் பிள்ளைக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

எனவே பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒரு செமினாருக்குப் போகும் காசில், பரீட்சை வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். காலை சுபஹுக்குப் பின் நேரம் குறித்து ஒரு வினாத்தாள், அசருக்குப் பின் அதைத் திருத்துவது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் ஒலுவிலிலும் படிக்கும் எங்கள் பிள்ளைகள் லீவில் வரும்போது திருத்த உதவுவார்கள். போட்டோகொப்பிக்கும் தேநீருக்கும்தான் செலவு. பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தனி இடம் ஒதுக்குங்கள். செமினாருக்காகத் தூர ஊர்களுக்குப் போக முடியாமல் அதிகம் இழப்பவர்கள் அவர்கள்தான்.

உம்மா வாப்பாமாருக்கும் ஒன்று. வீட்டில் மூன்று மணித்தியாலம் அந்தப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள், குசினிக்குக் கூப்பிடாதீர்கள். சாச்சாட மகன் எத்தனை ஏ எடுத்தான் என்ற கதையையும் பரீட்சை முடியும் வரை எடுக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில்தான். திறமை அடிப்படையில் அகில இலங்கை ரீதியாக 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். வெட்டுப்புள்ளி நாலு தசம தானங்களுக்குப் போகிறது. விட்டுவிட்ட ஒரு அலகு, வெட்டிவிட்டு வந்த ஒரு பாதிக் கணக்கு, பொறியியல் பீடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரமாக மாறிவிடலாம். பிறகு அடுத்த வருடம் மறுபடி எழுதுவதற்கு எல்லாக் குடும்பத்துக்கும் வசதி இல்லை.

பெனர் அடிக்க முன்னர் ஒருமுறை உங்கள் ஊர்க் கணித ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். அல்லாஹ் நம் எல்லாப் பிள்ளைகளின் முயற்சியிலும் பரக்கத் செய்வானாக.