சங்கம் படைத்த ஆட்டம்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் அமெரிக்கத் தொடரின் தொடக்கத்திலேயே, வீட்டு நிலவறையில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடையை உருட்டிக் கூச்சலிடும் நான்கு சிறுவர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். அவர்கள் ஆடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒருவர் மத்தியஸ்தராக இருந்து ஒரு கற்பனை உலகத்தை வர்ணிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுத் தாம் செய்ய நினைப்பதை வாயால் சொல்ல, அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கிற இந்த விநோத ஆட்டத்தில் ஜயித்தவர் என்று ஒருவரும் இல்லை, தோற்றவர் என்று ஒருவரும் இல்லை. இதைச் சிருஷ்டித்தவர் கேரி கைகாக்ஸே என்று ஒரு கட்சியாரும், டேவ் ஆர்னெசனே என்று மற்றொரு கட்சியாரும் இன்றளவும் மல்லுக்கு நிற்கிறார்கள். இரு கட்சியாரும் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் தேடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1960-களில், மின்னசோட்டா மாகாணத்து மினியாப்பொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களில், பொம்மைச் சிப்பாய்களை மேஜைமேல் அணிவகுத்து நெப்போலியன் காலத்துச் சண்டைகளைத் திரும்ப நடத்திப் பார்ப்பதில் பித்துக்கொண்ட சில இளைஞர்கள், 'மிட்வெஸ்ட் மிலிட்டரி சிமுலேஷன் அசோஸியேஷன்' என்று, தங்கள் தொகைக்குச் சற்றும் பொருந்தாத நீண்ட பெயருடன் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட சங்கங்களில் சண்டை மேஜைமேல் நடப்பதைவிட விதிகளைப் பற்றி நடப்பதே அதிகம். அங்கத்தினருள் ஒருவரான டேவிட் வெஸ்லி என்பவர், டாட்டன் என்னும் ராணுவ அதிகாரி 1880-இல் பிரசுரித்த 'ஸ்ட்ராட்டகோஸ்' என்ற பழைய புத்தகத்தைச் சர்வகலாசாலைப் புத்தகசாலையில் கண்டெடுத்தார். விதியில் சொல்லாத காரியத்தையும் ஆடுபவர் செய்ய முயலலாம், அதன் பலனை மத்தியஸ்தர் தம் புத்தியைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்பதே அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

1969-இல் வெஸ்லி, பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மானிய ஊரை உண்டாக்கி, இரு படைத் தளபதிகளோடு நில்லாமல், ஊரின் நகரத் தலைவர், சர்வகலாசாலையின் தலைவர் முதலான பாத்திரங்களையும் நண்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து அவரவர் உத்தேசத்தைக் கேட்டு முறையாக நடத்துவதென்பது அவர் போட்ட திட்டம். நடந்ததோ வேறு. காத்திருக்கப் பொறுமையில்லாத நண்பர்கள் தங்களுக்குள்ளேயே ரகசியம் பேசவும் பேரம் நடத்தவும் தலைப்பட்டார்கள். இருவர், விதியிலேயே இல்லாத துவந்த யுத்தத்துக்குத் தயாராகி அவர் முன் வந்து நின்றார்கள். அந்த இடத்திலேயே ஒரு தீர்ப்பைச் சமைத்துச் சொன்ன வெஸ்லி, ஆட்டம் குட்டிச்சுவராயிற்று என்று மனம் நொந்து போனார். நண்பர்களோ, இதைப் போல் இன்னொன்று எப்போது என்று அவரைத் துளைத்தெடுத்தார்கள்.

பிற்பாடு தென் அமெரிக்கக் குடியரசு ஒன்றைக் களமாக வைத்து ஆடியபோது, துண்டுப் பிரசுரம் விநியோகிக்கும் மாணவப் புரட்சிக்காரன் வேஷம் அதே சங்கத்து அங்கத்தினரான ஆர்னெசனுக்கு வாய்த்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் ஆள் என்று காட்டும் பொய் அடையாளச் சீட்டு ஒன்றைத் தம் கைப்படத் தயாரித்துக்கொண்டு வந்து, மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரையும் அதை நம்ப வைத்து, முடிவில் ஹெலிகாப்டரில் ஏறிப் பிரசுரங்களை நகரத்தின் தலைமேல் கொட்டிவிட்டார். ஆட்டத்தை நடத்தியவருக்கே இது எதிர்பாராத திருப்பம்.

வெஸ்லி ராணுவ சேவைக்குப் போய்விட, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த ஆர்னெசன், நெப்போலியனை விட்டுவிட்டுப் பிளாக்மூர் என்னும் மாயக் கோட்டையையும் அதன் கீழே சுரங்க வழிகளையும் அமைத்து, அதே நண்பர்களை அவற்றில் இறக்கினார். ஒரு முறை பெற்ற அநுபவமும் ஆயுளும் அடுத்த வாரத்துக்கும் பாத்திரத்தோடு கூடவே வந்தன. இது பெரிய புதுமை. 1972-ஆம் வருஷக் கடைசியில் அவரும், அதே சங்கத்து டேவிட் மெகாரியும் காரில் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவாவுக்குச் சென்று, கைகாக்ஸின் வீட்டில் இதை ஆடிக் காட்டினார்கள்.

கைகாக்ஸையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகம் போன பிறகு வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்தியவர். மணல் பரப்பிய மேஜைமேல் பொம்மைப் போர் நடந்ததும் அவர் வீட்டு நிலவறையில்தான். ஆர்னெசனின் சிதறிய குறிப்புகளைப் புத்தகமாக்கிய உழைப்பு அவருடையது; அந்த உழைப்பு இல்லையேல், செயின்ட் பால் நண்பர்களின் விளையாட்டு அவர்கள் தலைமுறையோடு போயிருக்கும். ஆயினும் அவரும் தனி மனிதராக எழுதவில்லை. மத்தியகாலப் போர்களுக்கான அவருடைய 'செயின்மெயில்' விதிகள் லேக் ஜெனீவாச் சங்கத்து மேஜையில் உருவானவை. 1973-இல் டான் கேயுடன் அவர் தொடங்கிய கம்பெனியின் 'டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்' என்ற பெயரே 'லேக் ஜெனீவா டாக்டிகல் ஸ்டடீஸ் அசோஸியேஷன்' என்ற சங்கத்திடம் இரவல் வாங்கியது. 1974 ஜனவரியில், மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டி ஆயிரம் பிரதி, பத்து டாலர் விலையில் வெளிவந்தபோது, அதன் முன்னுரையைக் கைகாக்ஸ் ஆரம்பிப்பதும் 'காஸில் அண்ட் குருசேட் சொஸைட்டி' என்ற இன்னொரு சங்கத்தைச் சொல்லித்தான்.

பணம் வரத் தொடங்கியதும் சங்கங்கள் மறைந்தன. ராயல்டி தமக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று ஆர்னெசன் 1979-இல் வியாஜ்யம் தொடர்ந்தார்; 1981-இல் ராஜியாயிற்று. பணத்தைப் பங்கிட நியாயஸ்தலத்துக்கு ஒரு பெயரோ இரண்டு பெயரோ வேண்டியிருக்கிறது. அதில் குற்றம் இல்லை. வக்கீல்களின் கணக்கையே சரித்திரக்காரர்களும் எடுத்துக்கொண்டு, தந்தை யார் என்று அடித்துக்கொள்வதுதான் விபரீதம். துவந்த யுத்தத்துக்கு வந்து நின்ற அந்த இருவர், சொன்னபடி கேட்கும் சாதுக்களாக இருந்திருந்தால் இந்த ஆட்டமே பிறந்திராது. அவர்களுக்கு எந்த நியாயஸ்தலமும் ராயல்டி வழங்கப் போவதில்லை.

1997-இல் விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியின் கைக்கும், 1999-இல் அதனோடு ஹாஸ்ப்ரோவின் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த ஆட்டத்தின் 2014-ஆம் வருஷத்துப் பதிப்பில், கைகாக்ஸ், ஆர்னெசன் பெயர்களோடு லேக் ஜெனீவாத் தோழர்கள் சிலரின் பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. ஆக்கியோர் வரிசையில் வெஸ்லி இல்லை. இனி வரும் பதிப்புகளில் அவரையும், இரட்டை நகரங்களின் அந்த நீண்ட பெயர்ச் சங்கத்தையும் அதே பக்கத்தில் சேர்ப்பதற்குக் கூடுதலாக ஒரு வரி அச்சுக் கோத்தால் போதும்.