சூரியனின் கணக்குப் புத்தகம்

அண்டார்டிகாவில் உள்ள மைத்ரி ஆய்வு நிலையம் பற்றிச் செய்தி வந்தால் எல்லோரும் ஆர்வமாகப் படிப்பார்கள். பனி, தனிமை, வாரக்கணக்கில் சூரியனே உதிக்காத குளிர்காலம்... நம்ம பழனி மலையிலும் அப்படி ஒரு தவம் நடக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம், தொடங்கியது 1899-ல். உயரம் சுமார் 2,340 மீட்டர். 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று எழுந்த கேள்விதான் இதற்கு விதை.

வேலை எளிமையானது. வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுக்க வேண்டும். 1904-லிருந்து இதேதான்! வெயில் ஏறினால் காற்று கலங்கும், படமும் கலங்கும். அதனால் காலையிலேயே தயாராக வேண்டும். மழைக்காலத்தில் மேகம் விலகக் காத்திருக்க வேண்டும்.

சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் இங்கே கண்டுபிடித்த எவர்ஷெட்டின் பெயர் உலகத்துக்கே தெரியும். தினமும் படம் எடுத்த ஊழியர்களின் பெயர்?

"நூறு வருஷமா ஒரே படம்தானே, என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம். பில் கையில் இருந்தால் நேற்றைய செலவை இன்றைக்கும் கணக்கில் எழுதலாம். நேற்றைய சூரியனை இன்று படம் எடுக்க முடியுமா? புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு சுற்றுக்கே சுமார் 11 ஆண்டுகள். பத்துச் சுற்றை ஒப்பிட ஒருவர் ஆயுள் போதாது. அதற்குத்தான் அந்தப் பழைய கண்ணாடித் தகடுகள். இப்போது அவை கணினியில் ஏறி, பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன.

கண்டுபிடித்தவருக்குத் தரும் கைதட்டலில் பாதியாவது, விடாமல் கணக்கு எழுதியவர்களுக்கும் சேர வேண்டாமா?