தொட்டிக்குள் கை விடுமுன்



நம்ம ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தைப் பக்க ஃப்ளட் வீடுகளில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது. தொட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கல்லை நகர்த்தவும் பாசி தேய்க்கவும் வெறுங்கையை முழங்கை வரை விடுவதைத்தான் சொல்கிறேன். அதிலும் சில வீடுகளில் அந்த வேலை பிள்ளைகளுக்கு. கை சின்னது, மூலைக்கெல்லாம் போகுமாம்!

மைக்கோபக்டீரியம் மரைனம் என்று ஒரு கிருமி, காசநோய்க் கிருமியின் சொந்தக்காரன். 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன்காட்சிசாலையில் செத்த மீன்களில் அடையாளம் கண்டார்கள். நன்னீர்த் தொட்டியிலும் இருக்கும். ஆனால் கடல் தொட்டியில் கூரான கல்லும் முள்ளும் அதிகம், கை கீறுப்படாமல் தப்பாது. கீறலுக்குள் இது போனால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று கிழமை கழித்து, சிலவேளை மாதங்கள் கழித்து, விரலிலோ புறங்கையிலோ வலியில்லாத கட்டி ஒன்று வரும். பிறகு கையோடு மேலே வரிசையாக ஏறும்.

அதற்குள் கீறல் பட்டதே மறந்துபோகும். நம்ம ஆட்கள் பாமசியில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசுவார்கள். அதில் ஸ்டீரொய்ட் இருந்தால் வருத்தம் இன்னும் கூடலாம். டொக்டரிடம் போனாலும், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கிருமி 30 பாகை அளவு சூட்டில்தான் நன்றாக வளரும். லெப்பில் வழமையான 37 பாகையில் வைத்தால் வளராமலே போகலாம், ரிப்போட்டும் 'ஒன்றுமில்லை' என்று வரும். ஆகவே தொட்டிக் கதையை முதலில் சொல்லுங்கள். மருந்து மாதக்கணக்கில் எடுக்க வேண்டிவரும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம்.

சீனி வருத்தம், ஈரல் வருத்தம் உள்ள வாப்பா உம்மாமாரை இந்த வேலைக்கு விடவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ கிருமிகள் அவர்களுக்கு ஓரிரு நாளிலேயே உயிராபத்தாகலாம்.

லயன் ஃபிஷ் குத்தினால் ஐஸ் வைக்காதீர்கள். தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேற்படாத சுடுதண்ணீரில் அரைமணி நேரமாவது கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வழி பாருங்கள்.

நீளக் கிளவுஸ் ஒரு சோடி, மீனின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. தொட்டி துப்பரவாக்க வீட்டுக்கு வருகிற கடைப் பொடியன்மாரும் வெறுங்கையோடுதான் வருகிறார்கள். நாள் முழுக்க எத்தனை தொட்டி! முதலாளி கொடுக்காவிட்டால், கூப்பிடுகிற நாமாவது ஒரு சோடி எடுத்துவைப்போம்.