அடைக்கோழியைத் தண்ணீரில் முக்காதீர்கள்

எங்கள் உழவர்கரையில் கொல்லை மிஞ்சியிருக்கும் வீடுகளில் இன்னமும் இரண்டு மூன்று நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். சந்தோஷம். ஆனால் கோழி அடைக்கு உட்கார்ந்ததும் நடக்கிற கூத்துதான் சகிக்கவில்லை. காலைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்குகிறார்கள். அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துளையில் செருகுகிறார்கள். கேட்டால், "அடை தெளியணும் சார், முட்டை வேணாமா? எங்க பாட்டி காலத்திலேருந்து இப்படித்தான்" என்கிறார்கள்.

அதே பாட்டிதான் நல்ல அடைக்கோழியைக் கண்டால் ஒற்றைப்படையில் முட்டை எண்ணி, கூடையில் வைக்கோல் பரப்பி, அடை வைத்தாள். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

அடை நோயும் அல்ல, சோம்பலும் அல்ல. புரோலாக்டின் என்கிற சுரப்பு செய்யும் வேலை அது. பெண்களுக்குத் தாய்ப்பால் ஊறச் செய்வதும் அதே பெயருள்ள சுரப்புதான். கோழியின் வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, வெறுந்தோலின் சூடு முட்டையில் படுகிறது. 21 நாள் அப்படியே கிடக்கும். பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவைதான் இரைக்கு எழுந்திருக்கும். முட்டைகளைத் தானே புரட்டிக் கொடுக்கும்.

நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'கூவேஸ்' என்றால் அடைக்கோழி. குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்கும் அதே பெயர்தான். குறைமாதக் குழந்தையை வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். தர்னியே என்ற பாரிஸ் மகப்பேறு மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னார். 1880-களின் தொடக்கத்தில் அது பாரிஸ் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தது. மருத்துவர்கள் பாடம் கற்றுக்கொண்ட பறவையைத்தான் நாம் தொட்டியில் முக்குகிறோம்.

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அடையும் குஞ்சு வளர்ப்புமாக இரண்டு மூன்று மாதம் முட்டை கிடைக்காது. உண்மைதான். குஞ்சு வேண்டாம் என்பவர்கள் அடையைத் தெளிய வைக்கட்டும், தவறில்லை. அதற்குச் சித்திரவதை எதற்கு? அடியில் கம்பிவலை உள்ள பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, நிழலில் வைத்து, கோழியை அதில் விடுங்கள். வைக்கோல் போடாதீர்கள். தீனியும் தண்ணீரும் குறையாமல் வையுங்கள். வயிற்றுக்கடியில் காற்றுப் பட்டால் சூடு தணிந்து, மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். வருஷத்துக்கு 300 முட்டை வேண்டுமென்றால் அதற்கென்றே உருவாக்கிய லெகார்ன் இனம் இருக்கிறது. அது அடைக்கு உட்காருவதே அபூர்வம். நாட்டுக்கோழியிடம் லெகார்ன் கணக்குக் கேட்டால் எப்படி?

இன்னொரு வேடிக்கை. வீட்டு அடைக்கோழியை விரட்டிவிட்டு, பேரப்பிள்ளைகளுக்குத் தெருவில் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் பூசிய குஞ்சுகளை வாங்கித் தருகிறோம். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள். முதல் வாரம் அவற்றுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். அட்டைப்பெட்டியில் அது ஏது? நாலைந்து நாளில் செத்துப்போகும், பிள்ளைகள் அழும். அந்தச் சூட்டைக் காசில்லாமல் கொடுக்கத்தான் அடைக்கோழி காத்துக் கிடக்கிறது.

ஆகவே, வசதி உள்ளவர்கள் இந்தத் தடவை அடை வையுங்கள். 9 அல்லது 11 முட்டை போதும். ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள். பொரித்த முதல் நாட்களில் அரிசி நொய்யும், குஞ்சு மூழ்காத ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வையுங்கள். காக்கைக்கும் கீரிக்கும் பயந்து கூடை கவிழ்த்து வையுங்கள். ஒரு வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட வேண்டும். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நம் குரும்பாபேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்றதைத் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும். பேரப்பிள்ளைகளை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.