டிகிரி பறக்காது மச்சி!

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்போ, ஸ்கூல்ல என்னோட ஒரே பெஞ்சில உட்கார்ந்த நண்பன் ஒரு பிராஸ்பெக்டஸை நீட்டினான். பி.எஸ்சி. ஏவியேஷன், மூணு வருஷம். "மெக்கானிக்கலை விட்டுட்டு இதுல சேரப் போறேன்டா. அப்பா நிலத்தை விக்க ஒத்துக்கிட்டார்" என்றான்.

கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். எத்தனை மணி நேரம் பறக்க வைப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

உங்களுக்கும் பைலட் கனவு இருக்கா? அப்போ இதைத் தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவில் விமானம் ஓட்ட உரிமம் தருவது பல்கலைக்கழகம் இல்லை, டி.ஜி.சி.ஏ. அது கேட்பது பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், 18 வயது, கிளாஸ் 1 மருத்துவத் தகுதி, நேவிகேஷன், வானிலை, விமான விதிகள் போன்ற தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல். இந்தப் பட்டியலில் டிகிரியே கிடையாது.

அப்போ ஏவியேஷன் டிகிரி வேஸ்டா? எல்லா ஊரிலும் இல்லை. அமெரிக்காவில் ஏர்லைன் பைலட் ஆக பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏவியேஷன் பட்டம் வாங்கியவர்களுக்கு 1,000 மணி நேரமே போதும். அங்கே டிகிரிக்குச் சட்டத்திலேயே மதிப்பு உண்டு. நம்ம ஊர் உரிமத்துக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

"கையில ஒரு டிகிரி இருந்தா நல்லதுதானே?" என்பீர்கள். நல்லதுதான். ஆனா அது எதுக்கு? பறக்க முடியாத நாளில் சோறு போடுறதுக்கு. கிளாஸ் 1 மெடிக்கலை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஒரு நோய் வந்தாலே இறங்க வேண்டியதுதான். நாம நல்லா இருந்தாலும் கம்பெனி படுத்துக்கும். 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் நின்னுபோச்சு. துறையே தள்ளாடும்போது அதே துறையோட டிகிரி எவ்வளவு தூரம் தாங்கும்? அந்த நேரத்தில் மெக்கானிக்கலோ, கம்ப்யூட்டரோதான் கை கொடுக்கும்.

இன்னொரு வழியும் இருக்கு. 60% மார்க்கோட பி.இ. முடிச்சா, ஏ.எஃப்.கேட் எழுதி விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு முயற்சி செய்யலாம். அங்கே பறக்கக் கத்துக்க நீங்க பணம் கட்ட வேண்டாம், அரசே கத்துக்கொடுக்கும்.

அதனால வரிசையை மாத்தாதீங்க. முதல்ல மெடிக்கல். நிறக்குருடு மாதிரி ஒரு விஷயம் ஃபீஸ் கட்டினப்புறம் தெரிஞ்சா என்ன செய்வீங்க? அப்புறம் படிச்சுக்கிட்டே டி.ஜி.சி.ஏ. தேர்வுகளுக்குத் தயாராகுங்க. பணம் கட்டுறது கடைசி. டிகிரியும் பயிற்சியும் சேர்த்துத் தர்ற இடமா இருந்தா, "இந்த ஃபீஸில் 200 மணி நேரமும் அடக்கமா? எத்தனை விமானம் ஓடுது? போன பேட்ச் எப்போ முடிச்சாங்க?"ன்னு எழுத்துல கேளுங்க.

நண்பன் இப்போ மெடிக்கலுக்கு அப்ளை பண்ணியிருக்கான். கிளாஸுக்கும் ஒழுங்கா போறான். நிலம் இன்னும் அவங்க அப்பா பேர்லதான் இருக்கு. ரிசல்ட் என்னவா வந்தாலும், இனி அவன் எடுக்கிற முடிவு பிராஸ்பெக்டஸ் அட்டையைப் பார்த்து எடுத்ததா இருக்காது.