மறுபாதி மருத்துவம்

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், அவற்றுள் ஒன்றோ இரண்டோ, பாதம் உள்நோக்கி வளைந்து, குதிகால் மேலே தூக்கிய நிலையில் பிறக்கின்றன. மருத்துவர்கள் இதனைக் ‘கிளப் ஃபுட்’ என்கின்றனர். ஊரார் கோணக்கால் என்கின்றனர். நாம் வளைபாதம் என்போம்.

அரசியல் படிக்க வந்த தோழர், “குழந்தையின் காலுக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

வளைபாதம் தீராக் குறை அன்று. பெரிய அறுவை வேண்டாம்; கடல் கடந்து வரும் விலையுயர்ந்த மருந்தும் வேண்டாம். மாவுக்கட்டு, பழகிய இரு கைகள், கம்பி பூட்டிய ஒரு சோடிக் காலணி, இவை போதும். இவ்வளவு எளிதில் தீரக்கூடிய குறை தீர்க்கப்படாமல் போய், ஒருவன் வாழ்நாள் முழுவதும் பாதத்தின் விளிம்பை ஊன்றி நடக்கிறான் என்றால், அது இயற்கை செய்த குற்றமா? அன்று; சமுதாயம் செய்த குற்றம். சமுதாயத்தின் குற்றம் எங்கே இருக்கிறதோ, அங்கே அரசியலும் இருந்தே தீரும்.

பழி யார் மீது?

குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, “எங்கே கொண்டு போவது?” என்பதாக இருக்க வேண்டும். ஆனால் எழுவது எது? “இவள் என்ன செய்தாள்?” என்பது! கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பார் ஒருவர். அரிவாள்மணையில் காய் நறுக்கினாள் என்பார் மற்றொருவர். முன்வினை என்று முடிப்பார் மூன்றாமவர். பெற்ற உடம்பின் வலி ஆறுமுன்னரே அந்தத் தாய் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள்.

தோழர்களே! கிரகணம் ஒரு வீட்டுக்கு மட்டும் தெரிவதில்லை. ஒரு வட்டாரம் முழுவதும் தெரிகிறது. அன்று பல்லாவரம் முதல் வண்டலூர் வரை கருவுற்றிருந்த தாய்மார் எத்தனை பேர்! அவர்களுள் வெயிலில் நின்றோர், காய் நறுக்கினோர், பேருந்தில் வேலைக்குச் சென்றோர் எத்தனை பேர்! அத்தனை பேர் பெற்ற குழந்தைகளும் வளைந்த பாதத்தோடா பிறந்தன? கிரகணமே இல்லாத மாதங்களில் இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு என்ன காரணம் கூறுவார்கள்? நிழல் நிலவின் மீது விழுகிறது. தொட்டிலின் மீது விழுவதில்லை.

அறிவியல் சொல்வது இது: பெரும்பாலான குழந்தைகளிடம் இக்குறைக்குத் தனியொரு காரணத்தைச் சுட்ட இயலாது, பரம்பரைக்கு ஓரளவு பங்கு உண்டு, ஆண் குழந்தைகளிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது, பாதிப்பேருக்கு இரு பாதங்களும் வளைந்திருக்கும். கிரகணத்துக்கும் அரிவாள்மணைக்கும் இதில் இடமே இல்லை.

பழிச்சொல் தாயின் மனத்தைப் புண்படுத்துவதோடு நின்றால் ஒருவாறு பொறுக்கலாம். அது நாளைத் தின்கிறது. எண்ணெய் தேய்த்து நீவலாம் என்று ஒரு மாதம், நேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு மாதம், வளர்ந்தால் சரியாகும் என்று ஓர் ஆண்டு! பிறந்த சில வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூட்டுகளும் தசைநார்களும் கைக்கு இணங்கும். நாள் செல்லச் செல்ல அவை இறுகும்.

நாடு இழந்த மருத்துவர்

மெல்லிய கையால் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்டவேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசு கூறிச்சென்றார். உலகம் அதனை மறந்தது; வன்முறையை நம்பியது. ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் கால், சிறுவயதில் மரப்பொறியில் வைத்துத் திருகப்பட்டது. வலி மிஞ்சியது, நொண்டல் நீங்கவில்லை. பின்வந்த காலத்தில் கத்தி வந்தது. அறுத்தார்கள், நீட்டினார்கள், தைத்தார்கள். அறுக்கப்பட்ட பாதங்கள் பல, வயது ஏறியபின் விறைத்து வலித்தன.

இந்தப் போக்கை மாற்றியவர் இக்னாசியோ பொன்செட்டி. 1914-இல் ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா தீவில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் மூண்டபோது, பிராங்கோவின் பாசிசப் படைக்கு எதிராக நின்ற குடியரசுப் படையின் மருத்துவராகப் பணியாற்றினார். 1939-இல் குடியரசு வீழ்ந்தது. காயமுற்றோரை மலை கடந்து பிரான்சுக்குக் கொண்டு சேர்த்தார். மெக்சிகோவில் அடைக்கலம் புகுந்தார். 1941-இல் அமெரிக்காவின் அயோவாவுக்குச் சென்றார். அங்கே, முன்னர் அறுவை செய்யப்பெற்றவர்களின் பாதங்களை ஆராய்ந்தார். கத்தியைக் குறைத்துக் கைகளை நம்பும் முறையை வகுத்தார்.

அவர் முறை இது. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, விரல் முதல் தொடை வரை மாவுக்கட்டுப் போடுவது. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகளில் வளைவு நேராகிறது. குதிகாலின் பின்னுள்ள தசைநாண் இறுகியிருந்தால், அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு வெட்டால் அதனைத் தளர்த்துவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவைப்படும். அதன்பின் மூன்று வாரம் கடைசிக் கட்டு. வெட்டிய தசைநாண் நீண்டு வளர்ந்து கூடிவிடுகிறது.

1963-இல் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். மருத்துவ உலகம் நெடுங்காலம் பாராமுகமாயிருந்தது. அவருக்கு எண்பது வயது கடந்தபின், குணமடைந்த குழந்தைகளின் பெற்றோர்களே ஒருவருக்கொருவர் சொல்லி அம்முறையை உலகெங்கும் பரப்பினர். 2009-இல் அவர் மறைந்தபோது, அது உலகு ஏற்ற முறையாகியிருந்தது. பெரியோர் செவிசாய்க்காத உண்மையைச் சாதாரண மக்கள் கொண்டுசென்றனர் என்ற செய்தி, கொள்கை பரப்பும் தோழர்களுக்குப் புதிதன்று.

இரவின் சிகிச்சை

கட்டு அவிழ்ந்தது, கால் நேரானது, கதை முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்தது!

நேரான பாதம் மீண்டும் வளையத் துடிக்கும். அதைத் தடுப்பது, நடுவே கம்பி பூட்டிய சோடிக் காலணி. முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரம் அணிவிக்க வேண்டும். அதன்பின் இரவிலும் பகல் உறக்கத்திலும், நான்கு அல்லது ஐந்து வயது வரை. மருத்துவர் கையில் இருந்தது சில வாரம்; பெற்றோர் கையில் இருப்பது நான்கு ஆண்டு. காலணியைக் கைவிட்ட குழந்தைகளிடம்தான் வளைவு பெரும்பாலும் திரும்புகிறது.

பெருங்களத்தூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்கோ செங்கல்பட்டுக்கோ செல்கிறாள். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம் தாம்பரத்துத் தடம். போக வழி உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் வந்தது, வரவேற்றோம். ஆனால் அன்றைய கூலி? அது போயிற்று. ஆறு கட்டுக்கு ஆறு கூலி. அடிக்கடி விடுப்பெடுத்தால் வேலையே போயிற்று. பிறகு வீட்டில் கட்டு நனையாமல் காக்கவேண்டும். விரல்கள் நீலம் பாய்ந்தனவா, வீங்கினவா என்று பார்க்கவேண்டும்.

காலணிக் காலம் அதனினும் கடிது. முதல் சில நாள் குழந்தை அழும். இரு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுப்போல் பழக்கினால் அழுகை அடங்கும். குதிகால் கீழே நன்கு பதிந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் காணவேண்டும். இதனைச் சொல்லித்தர ஆள் உண்டா? ஒற்றை அறையில் குழந்தை நள்ளிரவில் வீறிடுகிறது. விடியற்காலை வேலைக்குச் செல்லவேண்டிய கணவன் எரிந்து விழுகிறான். அடுத்த வீட்டார் சுவரைத் தட்டுகின்றனர். “பச்சைக் குழந்தைக்கு விலங்கு பூட்டியிருக்கிறாயே, நீ தாயா?” என்கிறாள் மாமியார். அவள் கழற்றிவிடுகிறாள். ஓராண்டு கழித்துக் கால் மீண்டும் வளைகிறது. அப்போது எல்லோரும் சொல்வது, “அம்மாக்காரி சரியாகக் கவனிக்கவில்லை” என்பது!

பிறந்தபோது கிரகணத்தின் பெயரால் ஒரு பழி. வளைவு திரும்பியபோது கவனக்குறைவின் பெயரால் மறு பழி. முன்னதை மூடநம்பிக்கை சுமத்தியது. பின்னதைச் சுமத்துவது யார்? பாதி மருத்துவத்தை மட்டும் தந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் ஏற்பாடு!

தாம்பரம் தரும் பாடம்

வீட்டில் நடக்கும் சிகிச்சைக்கு அரசு எவ்வாறு பொறுப்பேற்கும் என்று கேட்போர் உளர். விடையைத் தேடித் தொலைவு செல்லவேண்டாம். சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும்.

1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்க்குச் சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு, இவையே அன்று காசநோய்க்கு மருத்துவம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க ஏழைக்கு எங்கே வழி? 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் அமைந்தது. புதிய மருந்துகளைச் சானடோரியத்தில் தங்கியோருக்கும், நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்தோருக்கும் கொடுத்து ஒப்பிட்டனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழைகளும், சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாகவே குணம் பெற்றனர்! உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றிய முடிவு அது.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அந்த ஆய்வில் மருந்து மட்டும் வீட்டுக்குப் போகவில்லை; ஊழியரும் வீட்டுக்குப் போனார்கள். மருந்து உண்ணப்படுகிறதா என்று பார்த்தார்கள். மருத்துவம் வீட்டுக்குச் சென்றால் அரசும் வீட்டுக்குச் செல்லவேண்டும். இதுவே சென்னை உலகுக்குத் தந்த பாடம். அதன் தொடர்ச்சியாகவே 2018 முதல் காசநோயாளிக்கு ஊட்ட உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கப்பெற்றது. 2024 நவம்பரில் அது 1000 ஆயிற்று. காசநோயாளிக்கு நியாயமானது, வளைபாதக் குழந்தைக்கு அநியாயம் ஆகுமா?

நாம் கேட்பவை

பிறவிக் குறைகளைக் கண்டறிய, 2013 முதல் நாடு தழுவிய குழந்தைகள் நலத் திட்டம் ஒன்று உண்டு. அதன் பட்டியலில் வளைபாதமும் உண்டு. கண்டறிவது தொடக்கம், நடக்க வைப்பதே முடிவு. ஆகவே கேட்கிறோம்.

ஒன்று: வாரக்கட்டு வீட்டருகே கிடைக்கவேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், மருத்துவப் பட்டம் பெறாத, தக்க பயிற்சி பெற்ற ஊழியர்களே இக்கட்டைச் செம்மையாகப் போட்டுக் காட்டினர். மலாவியில் முடிவது நம் புறநகர் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் முடியாதா?

இரண்டு: காலணி தட்டின்றி வேண்டும். குழந்தையின் கால் வளரும், அளவு மாறும், ஒரு சோடி கொடுத்தால் தீராது. முன்னொரு நாள் இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. தோலால் பெயர் பெற்ற வட்டாரத்தில் ஒரு சிறு காலணிக்காக ஒரு குழந்தையின் கால் காத்திருப்பதா?

மூன்று: சிகிச்சை நாளுக்குக் கூலி ஈடு வேண்டும். 2017-இல் திருத்தப்பெற்ற மகப்பேறு நலச் சட்டம், நிறுவனத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு 26 வார விடுப்பை அளித்தது. வீட்டுவேலை செய்பவளுக்கும் சித்தாளுக்கும் அது எட்டாக்கனி. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த நல வாரியங்கள் இருக்கின்றன. அவற்றின் உதவிகளோடு இதனையும் சேர்க்கவேண்டும். நம் ஊரில் கட்டடம் எழுப்பும் வடபுலத் தொழிலாளியின் குழந்தைக்கும் இது சேரவேண்டும். குழந்தையின் காலுக்கு மாநில எல்லை இல்லை.

நான்கு: வீடு தேடி வருவோர் வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது. அந்த வாயிலில் நிற்பவர், “குழந்தை இரவில் காலணி அணிகிறதா?” என்றும் கேட்கட்டும்; மாட்டும் முறையைக் கற்பிக்கட்டும்.

நம் வேலை

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். வீடு வீடாக வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கத் தெரிந்த தோழருக்கு, எந்த வீட்டில் குழந்தை பிறந்தது என்பது தெரியாமல் இராது. வாழ்த்தச் செல்லுங்கள். வளைந்த பாதம் கண்டால், தயங்காமல் சொல்லுங்கள். உடன் சென்று மருத்துவமனையைக் காட்டுங்கள். கிரகணக் கதை பேசுவோரிடம் இன்முகத்தோடு வாதாடுங்கள். கட்டுப் போடும் நாளில் வேலைக்கு வர இயலாத தாய்க்காக, வேலை கொடுப்போரிடம் பரிந்து பேசுங்கள்.

தந்தையரான தோழர்களுக்கு ஒரு சொல். காலணி மாட்டுவது பெண்பிள்ளை வேலை என்று படுத்துறங்காதீர்கள். மேடையில் பெண்ணுரிமை முழங்கி, வீட்டில் குழந்தை அழும்போது புரண்டு படுப்பவனின் கொள்கை பாதிக் கொள்கை. ஓரிரவு அவள், மறு இரவு நீங்கள்.

பாதி மருத்துவம் மருத்துவம் ஆகாது; பாதி உரிமை உரிமை ஆகாது. முதற்பாதியை மருத்துவர் தந்தார். மறுபாதியை அரசும் ஊரும் தந்தையும் தாயுடன் சேர்ந்து சுமக்கட்டும். அப்போது, விளிம்பூன்றி நடக்கவேண்டியிருந்த அந்தக் குழந்தை உள்ளங்கால் முழுவதையும் மண்ணில் பதித்து ஓடும். அந்தக் காலடித் தடத்தைவிடச் சிறந்த சாதனைப் பட்டியலை எந்த அரசால் அச்சிட்டுத் தரமுடியும்?